சொக்கலிங்கம்-2 காலமானார்

தென்கரை டிவியின் நகல் நனவு நெறிமுறைக் குழுவைப் போல உலகத்தில் இன்னொரு குழு கிடையாது என்று அதன் தலைவர் முனைவர் தாணுமாலையன் சொல்வார். இதுவரை யாரும் மறுத்ததில்லை. இன்னொன்று அமைக்க வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் காரணம் என்று பேசுகிறவர்கள் அறத்தில் அக்கறை இல்லாதவர்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

குழு பிறந்ததற்குக் காரணம் ஒரு சீரியல். பெயர் ‘உயிர்ப்பிரதி’. தென் மாவட்டங்களின் முதல் அறிவியல் தொடர் என்று பஸ்ஸுக்குப் பின்னால் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். பாளையங்கோட்டை அரிசி ஆலை அதிபர் சொக்கலிங்கம் சாகக் கிடக்கிறார். மூத்த மகன் அப்பாவின் நினைவு, புத்தி, முன்கோபம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிடுகிறான். அப்பா செத்துப்போகிறார். நகல், நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியாக நடுக்கூடத்தில் அமர்ந்து மருமகள்களுக்குப் புத்தி சொல்கிறது. அந்தப் பெட்டிக்குப் பெயர் சொக்கலிங்கம்-2. மற்ற சீரியல்களில் மாமியார் பார்க்கிற வேலையை இதில் பெட்டி பார்த்தது. அறிவியல் அவ்வளவுதான்.

ஒருநாள் இளைய மருமகள் தேங்காய்ச் சட்னி அரைப்பதற்காகப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருகினாள். ஊர் கொதித்தது. “இது கொலை இல்லையா?” என்று வண்ணார்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்து அழுதார். டிவியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் டார்லின் கடலோர உவரிக்காரி. காற்று திரும்பினால் பாயைத் திருப்பத் தெரிந்தவள். மறுவாரமே குழுவை அமைத்து, ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றிருந்த தாணுமாலையனைத் தலைவராக்கி, குழுக் கூட்டத்தையும் தனி நிகழ்ச்சியாகவே ஒளிபரப்பிவிட்டாள். அதற்கும் விளம்பரம் வந்தது.

குழு சும்மா இருக்கவில்லை. நகலைக் கேட்காமல் நகலின் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்றது. படப்பிடிப்புத் தளத்தில் பெட்டிக்கென்று தனி யுபிஎஸ் வந்தது. நகலுக்கு வெக்கை ஆகாது என்றது. பெட்டிக்கு ஏசி வந்தது. நகலின் எதிரில் நகலைப் பற்றி இழிவாகப் பேசக் கூடாது என்றது. லைட் பாய்கள் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது “மெதுவா வையி, சனியன்” என்று சொல்வதை நிறுத்தி, “பைய இருங்க சார்” என்று சொல்லப் பழகினார்கள்.

பெட்டிக்குள் ஜங்ஷன் எலெக்ட்ரிக் கடையில் வாங்கிய ஒரு நீல பல்பு இருந்தது. வேறொன்றும் இல்லை. குரல் வெளியிலிருந்து வந்தது.

அந்தக் குரல் மேலப்பாளையம் தாஜ் முகம்மதுவுடையது.

தாஜ் முகம்மதுவுக்கு மைக் ஆட்டோதான் பிழைப்பு. ஆட்டோ நாசருடையது, தொண்டை இவருடையது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன வெள்ளாடு, நாளைக்குத் தண்ணீர் வராது, எல்லாவற்றையும் தெருத்தெருவாகச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே மவுத்துச் செய்தி, ஊரில் யார் இறந்தார் என்கிற அறிவிப்பு. அதற்கென்று தனிக் குரல் வைத்திருந்தார். கனமான, அவசரமில்லாத குரல். அந்தக் குரல் தெருமுனையில் கேட்டால் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். மவுத்தான வீட்டுக்குத் தானே போய், முகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் மைக்கைப் பிடிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ போனில் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு, ஆள் எழுந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

“ஆட்டைக் காணலைன்னு சொல்லி ஆடு கெடைச்சிட்டா சிரிச்சிட்டுப் போயிரலாம் வே. மவுத்துல அப்படி முடியாதுல்லா” என்பார் நாசரிடம்.

டார்லின் ஏதோ கடைத்திறப்பில் அந்தக் குரலைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டிக்கு ஏசி ஓடிய அதே தளத்தில், தாஜ் முகம்மது ஒரு பலகைக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசினார். கூண்டில் ஃபேன் கிடையாது. ஃபேன் சத்தம் மைக்கில் விழும். அவர் வியர்த்து வடிய “மருமகளே, எனக்கு வெக்கையே தெரியவில்லையம்மா” என்று வசனம் பேசுவார். குழு உறுப்பினர்கள் தளத்தைப் பார்வையிட வந்தபோது பெட்டியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சியாக இருப்பதாகத் திருப்தி தெரிவித்தார்கள்.

பிறகு சிவகணேஷ் வந்தான். கம்ப்யூட்டர் பையன், அடக்கமானவன். “அண்ணாச்சி, குவாலிட்டிக்காகக் கொஞ்சம் டெஸ்ட் எடுக்கணும்” என்றான். அவன் கேட்டபடியெல்லாம் தாஜ் முகம்மது பேசினார். ஊர்ப் பெயர் சொன்னார், ஆட்கள் பெயர் சொன்னார், கோபப்பட்டார், கெஞ்சினார், தள்ளுபடி அறிவிக்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே பேசினார். “மவுத்துக் குரல்ல பேசட்டுமா தம்பி?” என்று அவராகவே கேட்டார். “அது வேண்டாம் அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கும்” என்றான் சிவகணேஷ். எடுத்து முடித்ததும், இனி வரவேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் சீரியலில் சொக்கலிங்கம்-2 தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் ஹமீது பீவி புருஷன் தாஜ் முகம்மதுவுக்குச் சோற்றில் மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து புருஷன் குரல் கேட்டது. “ஆத்தங்கரைக் காத்து, அள்ள அள்ளத் தண்ணி! சீவலப்பேரி ரோட்டு மேலேயே மனை!” கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“நீங்க இங்கன இருக்கீங்க. தெருவுல யாரு கத்துதா?”

தாஜ் முகம்மது வாயிலிருந்து முள்ளை எடுத்துவிட்டுக் காது கொடுத்தார். “நாந்தான்” என்றார்.

“அது நீங்கன்னா, இங்கன உக்காந்து திங்கது யாரு?”

அவர் சோற்றுக் கையோடு ஓடினார். ஆட்டோவில் மைக் இருந்தது, ஆள் இல்லை. ஓட்டுகிறவன் ஒரு சின்ன மெமரி கார்டைக் காட்டினான். “தென்கரை டிவியில வாடகைக்குக் குடுக்காவ பாய். என்ன டைப் பண்ணிக் குடுத்தாலும் உங்களை மாதிரியே பேசுது. தண்ணி கேக்காது, தொண்டை கட்டாது, ஒண்ணுக்குப் போகணும்னு எறங்காது” என்றான். பாராட்டுகிற நினைப்பில்தான் சொன்னான்.

தொழில் போனதோடு நின்றிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வாரமே பக்கத்துத் தெரு அலி அஸ்கரின் வாப்பா ஹாஜியார் மவுத்தானார். துக்கவீட்டு அவசரத்தில் யாரோ மைக் ஆட்டோவுக்குப் போன் போட, வாடகைக் குரல் வந்துவிட்டது. கார்டில் இருந்தது தள்ளுபடிக் குரல் ஒன்றுதான். ஆகவே மேலப்பாளையம் முழுக்க, சிரிப்பும் துள்ளலுமாக, “மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்! நமது ஹாஜியார் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள்! அனைவரும் வருக! வருக!” என்று கேட்டது.

விஷயம் தெரிந்து தாஜ் முகம்மது அந்த வீட்டுக்கு ஓடினார். வாசலில் நின்ற அலி அஸ்கர் கையைக் கொடுக்கவில்லை.

“அழுதுட்டிருக்க வீட்டு வாசல்ல வந்து சிரிச்சிட்டுப் போறீங்களே மாமா. எங்க வாப்பா உங்களுக்கு என்ன செஞ்சாங்க?”

“அது நானில்ல மாப்ளே.”

“உங்க தொண்டையை எனக்குத் தெரியாதாக்கும்? சின்னதுலேருந்து கேக்கேன்.”

தொழுகையில் அவர் கடைசி வரிசையில் நின்றார். வீட்டுக்கு வந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். ஹமீது பீவிக்கு அவர் அழுது பார்த்துப் பழக்கமில்லை. “போய்க் கேளுங்க. வாடகைக்கு விட அவங்க யாரு? போய் வாங்கிட்டு வாங்க” என்று விரட்டினாள், ஏதோ இரவல் கொடுத்த குத்துப்போணிப் பாத்திரத்தை வாங்கி வரச் சொல்வதுபோல.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “களவு போச்சுன்னா அந்தப் பொருள் உம்மகிட்ட இருக்கக் கூடாதுல்லா பாய். நீர்தான் நல்லாப் பேசுதீரே” என்றார்.

ஆகவே அறத்திடம் போனார்.

நெறிமுறைக் குழு ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் கூடியிருந்தது. தாணுமாலையன் நடுவில் இருந்தார். பக்கத்தில் டார்லின். ஓரத்தில் கம்ப்யூட்டரும் சிவகணேஷும். எதிரே மெத்தை போட்ட நாற்காலியில் நீலப் பெட்டி. தாஜ் முகம்மது நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்து, “என் குரலைத் திருப்பிக் குடுத்திருங்க. அன்னைக்குச் சிரிச்சது நானில்லன்னு ஒரு வார்த்தை ஊரறியச் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

தாணுமாலையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்பரே, உங்கள் வேதனை எங்கள் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் நீங்கள் அசல். இது நகல்களுக்கான குழு. அசலுக்குக் காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, கடவுள்கூட இருக்கிறார். நகலுக்கு யார் இருக்கிறார்கள்? நாங்கள் மட்டுமே. உங்களுக்கும் இரங்கத் தொடங்கினால் நகலுக்குரிய இரக்கம் குறைந்துபோகும். அது அறமாகுமா?”

“என்னைக் கேக்காம எடுத்தது மட்டும் அறமாய்யா?”

“கேட்காமலா?” தாணுமாலையன் உண்மையிலேயே புண்பட்டுவிட்டார். “ஒப்புதல் இல்லாமல் இந்தக் குழு ஓர் அணுவையும் அசைக்காது. சிவகணேஷ், அந்த ஒப்புதலைப் போடுங்கள்.”

சிவகணேஷ் ஒரு விசையைத் தட்டினான். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. “எனக்குப் பரிபூரண சம்மதம்” என்றது தாஜ் முகம்மதுவின் குரல், தள்ளுபடிச் சிரிப்போடு.

“நகல் எடுத்த உடனேயே நகலிடம் கேட்டோம். சம்மதித்தது. இது உங்கள் குரல்தானே?”

“குரல் என்னுதுதான்.”

“அப்படியானால் சம்மதித்தது யார்?”

தான் எப்போதாவது தூக்கத்தில் சொல்லியிருப்போமோ என்றுகூடத் தாஜ் முகம்மதுவுக்குத் தோன்றியது.

“இருந்தாலும் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. நகலுக்கு இதில் ஏதும் குறை இருக்கிறதா என்று உங்கள் எதிரிலேயே கேட்டுவிடுகிறோம்.”

சிவகணேஷ் டைப் அடித்தான். அவன் கையை எடுத்ததும் பெட்டி பேசியது. “எனக்கு ஒரு குறையுமில்லை. குழுவுக்கு நன்றி.”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். புகார் தீர்த்துவைக்கப்பட்டதாகத் தாணுமாலையன் அறிவித்தார். படி இறங்கும்போது தாஜ் முகம்மதுவுக்குத் தானும் நன்றி சொல்லியிருக்க வேண்டுமோ என்ற குழப்பம் இருந்தது.

சில மாதம் போனது. சீரியல் சப்பென்றாகிவிட்டது. பெட்டியை எத்தனை நாள்தான் பார்ப்பார்கள்? டார்லின் சொக்கலிங்கம்-2 சாகட்டும் என்று முடிவெடுத்தாள். அழிப்புக் காட்சி, அதையடுத்து நேரலையில் இரங்கல் கூட்டம், அதற்கு ஊர் முழுக்க மைக் அறிவிப்பு என்று திட்டம் போட்டாள். குழு எல்லாவற்றையும் ஏற்று, ஒன்றில் மட்டும் முரண்டு பிடித்தது. நகலின் சாவை நகலின் குரலிலேயே அறிவிக்க வைப்பது கொடுமையிலும் கொடுமை என்றது. தாணுமாலையன் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. ஆகவே டார்லின் மேலப்பாளையத்துக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, நீங்கதான் வந்து அறிவிக்கணும். உங்க மவுத்துக் குரல்ல.”

“நிசமாவே அழிச்சிருவீங்களா?” என்றார் தாஜ் முகம்மது.

“அழிச்சிருவோம் அண்ணாச்சி.”

“வாடகைக்கு விடுதீங்களே, அதையும்?”

“எல்லாத்தையும்தான். அழிச்சா அழிச்சதுதானே.” அவள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

உள்ளேயிருந்து ஹமீது பீவி, “நம்பாதீங்க” என்றாள். ஆனால் அவருக்கு ஆசை வந்துவிட்டது. அது செத்தால் தன் தொண்டை தனக்கு. வழக்கம்போல முதலில் முகம் பார்க்கப் போனார். கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் பெட்டி ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தது. சிவகணேஷ் துணியை விலக்கினான். விளக்கு எரியவில்லை. பிளக் வெளியே கிடந்தது. தாஜ் முகம்மது தொட்டுப் பார்த்தார். ஏசி இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தது.

“போயிட்டாரா?”

“காலையிலேயே” என்றான் சிவகணேஷ். அவன் முகத்தில் உண்மையான சோகம் இருந்தது. டிவி மேலாளர் கம்ப்யூட்டரில் இருந்த குரலை அழிக்க விடவில்லை என்பது வேறு விஷயம்.

தாணுமாலையன் தோளில் கை வைத்தார். “உங்கள் பக்கத்தில் இறுதிச் சடங்கில் அறம் சார்ந்த மரபு ஏதும் உண்டா? மண்ணின் மரபாக ஒன்று நிகழ்ச்சியில் இருந்தால் நன்றாக இருக்கும்.”

“தொழுகை, துவா எல்லாம் இதுக்குச் செய்யக் கூடாதுய்யா. மவுத்துங்கிற வார்த்தையை நான் மைக்லயும் சொல்ல மாட்டேன். காலமானார்னு மட்டுந்தான் சொல்லுவேன்” என்றார் தாஜ் முகம்மது. பிறகு யோசித்து, “எடுக்கதுக்கு முந்தி குடும்பத்துல மூத்தவர் எல்லார் முன்னாலயும் நின்னு கேப்பாங்க. இவரு யார்கிட்டயாவது எதையாவது வாங்கி வச்சிருந்தா எங்ககிட்டச் சொல்லுங்க, நாங்க திருப்பித் தாரோம்னு. அதுக்குப் பொறவுதான் தூக்குவோம்” என்றார்.

“அற்புதம்! இதை நானே சொல்கிறேன்” என்றார் தாணுமாலையன். குழுதானே நகலின் குடும்பம்.

தாஜ் முகம்மது நாசரின் ஆட்டோவில் ஏறினார். கனமான குரலில், அவசரமில்லாமல், மேலப்பாளையம் தொடங்கி ஜங்ஷன்வரை சொன்னார். சொக்கலிங்கம்-2 அவர்கள் காலமானார்கள். அந்தக் குரல் கேட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஊருக்குப் பழக்கமாகிவிட்டது. செத்தது யாரென்று சரியாகத் தெரியாமலே மண்டபம் நிறைந்துவிட்டது. அலி அஸ்கரும் வந்திருந்தான். இந்த மனுஷனுக்கு இப்படியும் சொல்லத் தெரியுமே, பிறகு என் வாப்பாவுக்கு மட்டும் ஏன் சிரித்தார் என்ற கோபத்தில் வந்தவன், தாஜ் முகம்மதுவின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

கேமராக்கள் ஓடின. மாலை போட்ட பெட்டிக்கு முன்னால் தாணுமாலையன் நிமிர்ந்து நின்றார். “அசல் மனிதன் சாகும்போது அழுவது சுலபம். அது எல்லோருக்கும் வரும். இல்லாத ஒருவருக்காக அழுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எங்களுக்கு இருக்கிறது” என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். மௌனம் அனுஷ்டிக்கச் சொன்னார். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள்.

அந்த மௌனத்தில் வெளியே ஒரு ஆட்டோ போயிற்று. “ஆத்தங்கரைக் காத்து, அள்ள அள்ளத் தண்ணி! சீவலப்பேரி ரோட்டு மேலேயே மனை!”

தலைகள் நிமிர்ந்தன. மேடை ஓரத்தில் நின்ற தாஜ் முகம்மதுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் மூடியிருந்தது. அலி அஸ்கர் அந்த வாயையே பார்த்தான். ஆட்டோ தெருக்கோடிக்குப் போகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

தாணுமாலையன் தொழில் தெரிந்தவர். எதுவும் காதில் விழாதவர்போல் அடுத்ததற்குப் போனார். “இந்த மண்ணின் மரபுப்படி, குடும்பத்தின் மூத்தவனாக நான் கேட்கிறேன். மறைந்தவர் யாரிடமாவது எதையாவது வாங்கியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். திருப்பித் தருவது எங்கள் கடமை.”

“எங்கிட்ட வாங்கியிருக்காரு” என்றார் தாஜ் முகம்மது. மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. “என் குரலை வாங்கியிருக்காரு. கேக்காமலே.”

தாணுமாலையன் புன்னகை செய்தார். “உங்கள் கோரிக்கையைக் குழு உரிய முறையில் ஆராய்ந்து…”

“ஆராயதெல்லாம் பொறவு வச்சிக்கிடுங்க” என்று அலி அஸ்கர் எழுந்தான். “எடுக்கதுக்கு முந்தி பதில் சொல்லணும். அதான் முறை. மூத்தவருன்னு நின்னீங்கள்லா? குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

மண்டபம் முழுக்க “சொல்லும்வே!” என்றது. கேமரா தாணுமாலையன் முகத்துக்கு வந்தது. அவர் தண்ணீர் குடித்தார். எந்தச் சிக்கலுக்கும் குழு கையாண்டுவந்த வழி ஒன்று உண்டு. பதற்றத்தில் அது தானாக வந்துவிட்டது. “குழு ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்காது. சிவகணேஷ், நகலின் கருத்தைக் கேளுங்கள்!”

சிவகணேஷ் சொன்னதைச் செய்கிற பையன். பிளக்கைச் சொருகினான். டைப் அடித்தான். மாலைக்குள்ளிருந்து நீல விளக்கு எரிந்தது.

“எனக்கு ஒரு குறையுமில்லை. குழுவுக்கு நன்றி” என்றது பிணம்.

முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியர் நாற்காலியோடு விழுந்தார். டார்லின், “விளம்பரம் போடு, விளம்பரம் போடு” என்று கத்தியதுகூட நேரலையில் போனது. அலி அஸ்கர் மேடைக்கு ஏறிவந்து தாஜ் முகம்மதுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “மாமா, அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல சிரிச்சது இந்தப் பெட்டியா?” என்று கேட்டான். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அலி அஸ்கர் கையை விடவில்லை.

குழு அன்றைக்கே அவசரமாகக் கூடி, இறந்த பிறகும் பேசியது நகலின் தனியுரிமை என்று முடிவெடுத்தது. குரலைத் திருப்பித் தரச் சொல்லி நகலுக்கு ஒரு பரிந்துரை அனுப்பியது. நகல் இன்னும் பதில் தரவில்லை.

தாஜ் முகம்மதுவுக்கு வேறு கவலை இருந்தது. உயிரோடு இருக்கிற ஒன்றைச் செத்துவிட்டதாக முதன்முறையாக ஊருக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் நாசரைக் கூட்டி, ஆட்டோவின் பக்கவாட்டுத் துணிகளைக் கழற்றச் சொன்னார். பேசுகிற வாய் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அலி அஸ்கர் வீட்டு வாசலில் தொடங்கினார்கள். கனமான குரலில், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“நேற்றுக் காலமானதாக என்னால் அறிவிக்கப்பட்ட சொக்கலிங்கம்-2 அவர்கள் சாகவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள்.